தன்னை ஓநாய் என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது?

இரணியல் கண்ணன்

கேள்வியை நேரா வைக்கேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடுன்னு வச்சுக்கிடுங்க. இருபது வயசு தாண்டின பையன். பௌர்ணமி நெருங்கினா முதுகுல முடி முளைக்குது, கோரைப்பல்லு நீளுது, நான் மனுசன் இல்ல ஓநாய்னு சொல்லுதான். ராத்திரி உறக்கம் கிடையாது, ரப்பர் விளைக்குள்ள நாலு கால்ல நடக்கான். வீட்டுல பாதிப்பேரு மந்திரவாதியைத் தேடுதாவ, மீதிப்பேரு நடிக்கான்னு சொல்லி அடிக்கப் போறாவ.

இப்படி ஒரு நம்பிக்கை எங்கேருந்து வருது? அதை நம்பாத ஆளு அவன்கிட்ட என்ன பேசணும், என்ன பேசக்கூடாது? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. கேலி வேண்டாம்.

தோவாளை அறிவன்

முதலில் உடல் கணக்கைப் பார்ப்போம். தலைமுடி ஒரு நாளைக்கு வளர்வது சுமார் 0.35 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் ரோமம் வேண்டுமென்றால் நான்கைந்து மாதம் ஆகும். ஓர் இரவில் முளைக்காது. முறிந்த தொடை எலும்பு சேரவே பல வாரம் பிடிக்கிறது. தாடை எலும்பு நீண்டு விடியுமுன் சுருங்குவதற்கு உடலில் வழியே கிடையாது.

விளையில் கிடந்த முடி என்று யாராவது கொண்டுவந்தால் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். மனித முடியின் நடுத்தண்டு முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். பெரும்பாலான விலங்கு முடியில் அது பாதியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பத்து நிமிட வேலை.

ஆகவே மனிதன் ஓநாயாக மாறுவதில்லை. அந்தப் பையனை ஓர் இரவு முழுக்க வீடியோ எடுத்துக் காலையில் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

இரவுப்பணி செவிலி

அறிவன் அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. வீடியோ காட்டுற யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீங்க.

பிரமை நம்பிக்கை ஆதாரத்துல எழும்பி நிக்கிறது இல்ல, அதனால ஆதாரத்தைக் காட்டினாலும் விழாது. வீடியோவில மனுச உருவத்தைப் பாத்ததும் "கேமராவுல தெரியாது, உள்ளுக்குள்ளதான் மாறுது"ம்பான். இல்லைன்னா "நீங்க எல்லாரும் சேந்து வீடியோவை மாத்திட்டீங்க"ம்பான். ரெண்டாவது பதில்தான் ஆபத்து. அதுவரைக்கும் பிரமைக்குள்ள ஓநாய் மட்டும் இருந்துச்சு. இனி அம்மாவும் அண்ணனும் சதிக்காரங்களா உள்ள வந்துருவாங்க. பிறவு அவங்க கையால மாத்திரை வாங்கமாட்டான், சோறும் வாங்கமாட்டான். கண்ணாடி முன்னாடி நிறுத்திக் காட்டுறதும் இதே கதைதான். கண்ணாடியில தன் முகத்தையே விலங்கு முகமாப் பாக்கிறவங்களும் உண்டு.

மருத்துவத்துல இதுக்கு லைகாந்த்ரோபின்னு பேர். எந்த விலங்கானாலும் பொதுவா சூவாந்த்ரோபிம்பாங்க. தனி நோயா எந்தப் பட்டியல்லயும் இல்ல. வேற நோயோட அறிகுறி. நான் விலங்குன்னு வாயால சொல்றது, இல்லைன்னா ஊளை, தவழ்றது, பச்சைக்கறி, உறுமல்னு விலங்கா நடந்துக்கிடறது, இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தா இந்த வகையில சேப்பாங்க. 1988-ல அமெரிக்காவில மக்லீன் மருத்துவமனை மருத்துவர்கள் 12 பேரைப் பத்தி எழுதினாங்க. ஓநாய்னு சொன்னவங்க அதுல கொஞ்சம் பேருதான். பூனை, நாய், முயல், பறவைன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. சிலருக்கு ஒரு நாள்ல போச்சு, ஒருத்தருக்கு 13 வருசம் நின்னுச்சு. 2014-ல நெதர்லாந்து மருத்துவர் பிளோம், 1850-லேருந்து மருத்துவ ஏடுகள்ல வந்ததை எல்லாம் திரட்டிப் பாத்தப்ப விலங்கா மாறினேன்னு சொன்ன அசல் குறிப்பு 56-தான் தேறிச்சு. அதுலயும் சரியான அர்த்தத்துல ஓநாய்னு நின்னது 13. எழுத்துல பதிவானது அவ்வளவு அபூர்வம்.

இரணியல் கண்ணன்

அக்கா, அப்போ இது மனச்சிதைவா?

இரவுப்பணி செவிலி

அவசரப்பட்டு அந்தப் பேரை வைக்காதீங்க. அந்த 12 பேர்ல பெரும்பாலோருக்கு இருந்தது இருமுனைக் கோளாறு, அதாவது ஒரு காலம் பித்துங்கிற அளவுமீறின எழுச்சி, ஒரு காலம் கடும் சோர்வுன்னு மாறிமாறி வர்றது. மனச்சிதைவு அடுத்தது. கடுமையான மனச்சோர்வுலயும் வரலாம்: "நான் மனுசனா இருக்கத் தகுதி இல்லாதவன், மிருகம்"னு குற்ற உணர்ச்சியா ஆரம்பிச்சு, அப்படியே உண்மைன்னு ஆயிரும். இந்த வகையிலதான் தற்கொலை ஆபத்து கூடுதல்.

ஆனா மனநோய்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால உடம்பைப் பாக்கணும். காய்ச்சல் இருக்கா, கழுத்து விறைப்பு இருக்கா, வலிப்பு வந்துச்சா, தலையில அடி பட்டுச்சா? நேத்து நல்லா இருந்தவன் இன்னைக்கு உறுமுறான், நாள் கிழமை தெரியல, ஒரு நேரம் தெளிவு ஒரு நேரம் குழப்பம்னா அது மூளைக்காய்ச்சலா, குடியை நிறுத்தின மூணாம் நாள் வர்ற நடுக்கமா, சர்க்கரை இறங்கினதா இருக்கலாம். நேரா அவசரப் பிரிவு. ரத்தச் சர்க்கரை, சோடியம், தைராய்டு, தேவைப்பட்டா மூளை ஸ்கேன், மூளையோட மின்னலையைப் பதியற இஇஜி எடுப்பாங்க. கஞ்சாவும் மற்ற போதை மாத்திரைகளும் இந்தப் பிரமையைக் கிளப்பினதாப் பதிவு இருக்கு. அதனால கேக்க வெக்கப்படாம கேக்கணும்.

ஊமத்தையையும் தனியாச் சொல்லணும். நம்ம ஊர்ல வேலியோரம் சும்மா கிடக்கு. விதை உள்ள போனா அரை மணியிலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள கண்மணி விரியும், வாய் காயும், தோல் சூடாகிச் சிவக்கும், மூத்திரம் கட்டும், வெறுங்காத்தைப் பிடிச்சு இழுப்பான், இல்லாத ஆள்கிட்ட பேசுவான். ஒண்ணு ரெண்டு நாள் நீடிக்கும். வேப்பிலை அடிச்சு உக்கார வச்சா உடம்புச் சூடே ஆளைக் கொன்னுரும். விதையோ காயோ கிடைச்சா கையோட மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.

வில்லுக்குடம்

ஐரோப்பாவில் "ஓநாயாக மாறும் தைலம்" என்று விசாரணை ஏடுகளில் வருவதற்குப் பின்னாலும் இதே குடும்பத்துச் செடிகள்தான் இருந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: பெல்லடோனா, ஹென்பேன். ஊமத்தையில் உள்ள அதே வகை நஞ்சுகள். தோலில் பூசினாலே உள்ளே போகும்.

மேக்காமண்டபம் கால்நடை

நாய்க்கடி பற்றி ஒன்றும் வரவில்லையே. "நாய் கடிச்சவன் நாய் மாதிரிக் குரைப்பான்" என்பது நம் மாவட்டத்தில் எல்லாரும் சொல்வது. அதன் அடியில் உள்ள உண்மை இது: ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் முற்றும்போது தொண்டைத் தசையும் குரல்வளையும் இறுகி இழுக்கும். மூச்சு திணறிக் கரகரவென்று வெளியே வரும் சத்தம் குரைப்புபோல் கேட்கும். நோயாளி நாயாக மாறவில்லை. இடையிடையே தெளிவாகப் பேசுவார், தான் மனிதர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரைக் கண்டால், சில நேரம் முகத்தில் காற்று பட்டாலே, தொண்டை இழுக்கும். சோதித்துப் பார்க்கிறேன் என்று தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது.

கடித்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் அறிகுறி வருவதே அதிகம். சிலருக்கு ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். வந்துவிட்டால் நாள்கணக்குத்தான். ஆகவே மாதக்கணக்காக ஓநாய் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு ரேபிஸ் இல்லை. ஆனால் அவன் தெருநாயோடு படுத்து, கடி, கீறல் வாங்கியிருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுதல், 0, 3, 7, 28-ம் நாட்களில் தோலுக்குள் போடும் ஊசி, ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் புண்ணில் வைக்காதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் போகும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

2003-ல் மேற்கு வங்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. நாய் கடித்தால் வயிற்றில் குட்டி வளரும் என்ற நம்பிக்கை அங்கே பரவியிருந்தது. ஆண்களும் அப்படி நம்பி நடுங்கினார்கள். ஊரே நம்பும்போது ஒரு ஆளின் பயம் எந்த உருவம் எடுக்கும் என்பதற்கு அதைப் பார்க்கலாம்.

பேச்சிப்பாறை வனம்

அந்த வீட்டுல பாதிப்பேரு நம்புறதுக்குக் காரணம் பையன் சொன்னது மட்டும் இருக்காது. விளையில சத்தம் கேட்டிருக்கும், தடம் கண்டிருப்பாங்க. சந்தேகவாதிக்கு உண்மையான சோலி அங்கனதான் இருக்கு.

ஓநாய் நம்ம மலையில வாழுற மிருகம் இல்ல. இந்திய ஓநாய்க்கு வேண்டியது தக்காணத்து வறண்ட புல்வெளியும் புதர்க்காடும். கன்னியாகுமரி சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், அதுல இருக்கிறது செந்நாய். செந்நாய் ஓநாய் மாதிரி ஊளை விடாது. விசில் அடிக்கிற மாதிரிக் கூப்பிடும். சாயங்காலமும் விடியக்காலமும் கூட்டமா ஊளை கேட்டா அது நரி. ஒண்ணு தொடங்கினா அடுத்தடுத்த விளையிலேருந்து பதில் வரும், மூணு நரி முப்பது மாதிரிக் கேக்கும். பொம்பளை அலறல் மாதிரி ஒத்தைக் குரல் வந்தா பெரிய காட்டு ஆந்தைகளைச் சந்தேகப்படுங்க.

தடத்துக்கு வருவோம். கரடியோட பின்னங்கால் தடம் மனுசன் வெறுங்காலு மாதிரியே நீளமா விழும். வித்தியாசம் மூணு இடத்துல பாக்கணும். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம், நமக்கு உள்பக்கம். விரல் அஞ்சும் ஏறக்குறைய ஒரே கோட்டுல நிக்கும். விரலுக்கு முன்னால தள்ளி நகக்குழி இருக்கும். சேறு இளகி இருந்தா நகக்குழி அழிஞ்சிரும், அப்போதான் "பாதி மனுசன் பாதி மிருகம்"னு பேச்சு வரும். நாய்த்தடமும் ஏமாத்தும்: நடக்கிறப்ப முன்னங்கால் விழுந்த இடத்துலயே பின்னங்கால் பாதி ஏறி விழுந்து, ரெண்டும் சேந்து ஒரே நீளத் தடமா ஆயிரும். ஒத்தைத் தடத்தை வச்சு ஒண்ணும் சொல்லாதீங்க. அஞ்சாறு அடி தூரத்துக்கு வரிசையாப் பாருங்க, பக்கத்துல ஒரு அளவுகோல் வச்சு நேர் மேலேருந்து படம் எடுங்க.

ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க இருட்டுல தலைவிளக்கு வெளிச்சத்துல ஆள் உயரத்துல ரெண்டு கண்ணு மின்னுறதப் பாத்திருப்பாங்க. மரத்துல ஏறி நிக்கிற மரநாயா இருக்கலாம். ரப்பர் மரத்துல ஆறடி உயரத்துல அது இருந்தா, உடம்பு இருட்டுக்குள்ள, கண்ணு மட்டும் தெரிய, மிச்சத்தை நம்ம மனசு வரைஞ்சிரும். அசைவு கண்டா தானாப் படம் எடுக்கிற கேமரா வைக்கணும்னா பையன் மேல வைக்காதீங்க, பாதை மேல வையுங்க: முழங்கால் உயரம், பாதையிலேருந்து மூணு மீட்டர், வெயில் நேரா விழாத பக்கம், முன்னால ஆடுற இலையை வெட்டிவிட்டு. இலை ஆடினா விடியறதுக்குள்ள வெறும் இலைப்படமா மெமரி அட்டை நிறைஞ்சிரும்.

தோவாளை அறிவன்

> சந்தேகவாதிக்கு உண்மையான சோலி அங்கனதான் இருக்கு.

இதை முழுமனதோடு ஏற்கிறேன். அதோடு பௌர்ணமியையும் சேர்க்க வேண்டும். 1985-ல் ராட்டன், கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் நிலவுக்கும் மனநோய், குற்றம், நெருக்கடி அழைப்பு போன்றவற்றுக்கும் தொடர்பு தேடிய 37 ஆய்வுகளைத் திரட்டினார்கள். பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் இல்லை. 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன: பிரிட்டனின் பிராட்ஃபோர்டில் பௌர்ணமியன்று விலங்குக் கடி கூடுகிறது என்றது ஒன்று, ஆஸ்திரேலியாவில் கூடவில்லை என்றது மற்றொன்று. ஓர் ஊர்க் கணக்கை வைத்து விதி செய்ய முடியாது என்பதற்கு அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனை எளியது. ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணி நேரம், உறுமல் இருந்ததா, சாப்பிட்டானா. நிலவு நாளை எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து நாட்காட்டியை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். முதலிலேயே நிலவைக் குறித்தால், பௌர்ணமியன்று நடந்தது மட்டும் கண்ணில் படும், மற்ற நாள் நடந்தது மறந்துபோகும்.

இரவுப்பணி செவிலி

அந்த நோட்டு ரொம்ப உதவும், மருத்துவர் கேக்கிற முதல் விசயமே உறக்கம்தான். ஒரு சேதி மட்டும் கூடுதலாச் சொல்லணும். ஆய்வகத்துல நிலவே தெரியாத அறையில தூங்கினவங்களுக்கும் பௌர்ணமியை ஒட்டி உறக்கம் சராசரியா 20 நிமிசம் குறைஞ்சதா 2013-ல ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு. சின்ன ஆய்வு, அதுல எல்லாத்தையும் கட்டிவைக்க முடியாது. ஆனா இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு உறக்கம் குறையறதே பித்து எழும்பக் காரணம் ஆகும்ங்கிறது உறுதியான விசயம். விடியுமுன்ன பால்வெட்டு, ராத்திரி கடல்தொழில்னு உறக்கம் கெடுற வேலை இருந்தா மருத்துவர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

வில்லுக்குடம்

கோயில் கொடையில் சாமியாடுவதையும் இதையும் சிலர் ஒன்றாக்கிப் பேசுவார்கள். இரண்டும் வேறு.

சுடலைமாடன் கொடையில் கோமரத்தாடிக்கு அருள் வருவதற்கு ஒரு நேரம் உண்டு, இடம் உண்டு. வில்லுப்பாட்டில் கதை அந்தக் கட்டத்துக்கு வர வேண்டும், மேளம் ஏற வேண்டும். நடுச்சாமத்தில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போனாலும் திரும்பி வருகிற வழி குறிக்கப்பட்டிருக்கிறது. ஊர் அவரைச் சாமியாகப் பார்க்கிறது, மஞ்சள் நீராட்டோடு முடிகிறது, மறுநாள் அவர் தன் வேலைக்குப் போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலும் சமயச் சடங்காக ஏற்கப்பட்ட அருளாட்டத்தை நோயில் சேர்க்கவில்லை. அந்தப் பையனுக்கு நேரமும் கிடையாது, ஊரின் ஒப்புதலும் கிடையாது, திரும்பும் வழியும் தெரியவில்லை. துன்பப்படுகிறான். பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

உரு மாறுதல் நமக்குப் புதிதல்ல. நரி பரியாகி, அன்றிரவே மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்த திருவிளையாடல் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் ஒடியன் என்ற மந்திரவாதி இருட்டில் காளையாக, நாயாக வருவான் என்ற பயம் இருந்தது. வேதக்கோயில் போகிறவர்களுக்கு தானியேல் 4-ம் அதிகாரம் தெரியும்: நேபுகாத்நேச்சார் ராஜா மாடுபோல் புல்லைத் தின்று வெளியில் கிடந்தான், புத்தி திரும்பியதும் அரசனாகவே ஏற்கப்பட்டான். ஜப்பானில் நரி, இந்தியக் காட்டுப் பகுதிகளில் புலி. எந்த விலங்கு என்பதை அந்தந்த ஊர்க் கதை கொடுக்கிறது. நம் மாவட்டத்துப் பையன் ஓநாயைச் சொல்கிறான் என்றால் கைப்பேசியில் பார்த்ததுதான் உள்ளே போயிருக்கும்.

திங்கள்சந்தை ஜெனி

கைப்பேசின்னு சொன்னதால ஒண்ணு சேக்கணும். இணையத்துல "தேரியன்"னு தங்களைச் சொல்லிக்கிடுற இளைஞர்கள் இருக்காங்க. 1990-களோட தொடக்கத்துல யூஸ்நெட்ங்கிற பழைய இணைய விவாத வலையில ஓநாய் மனிதக் கதைகளுக்கான குழு ஒண்ணுலேருந்து வளர்ந்த கூட்டம். மனசளவுல நான் ஒரு ஓநாய்ம்பாங்க. உடம்பு மனுச உடம்புன்னு அவங்களுக்குச் சந்தேகமே கிடையாது. காலேஜ் போவாங்க, பரீட்சை எழுதுவாங்க, சாப்பிட்டு உறங்குவாங்க. அவங்களைப் பிடிச்சு நோயாளின்னு மருத்துவமனைக்கு இழுத்துட்டுப் போனா வீட்டு மேல இருக்கிற நம்பிக்கைதான் போகும்.

பிரிச்சுப் பாக்க நாலு கேள்வி போதும். உடம்பு நிஜமாவே மாறுதுன்னு சொல்றாங்களா? உறக்கம், குளி, சாப்பாடு கெட்டுப்போச்சா? பயப்படுறாங்களா? யாரோ உத்தரவு போடுற மாதிரிக் குரல் கேக்குதா? கண்ணன் அண்ணன் எழுதின பையனுக்கு முதல் ரெண்டுக்கே ஆமான்னுதான் பதில். அவன் தேரியன் இல்ல.

வில்லுக்குடம்

அந்தப் பிரிவைச் செய்யாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. 1589-ல் ஜெர்மனியின் பெட்பர்க்கில் பீட்டர் ஸ்டம்ப் என்பவரைச் சித்திரவதை பயம் காட்டி ஓநாய் என்று ஒப்புக்கொள்ள வைத்துக் கொடூரமாகக் கொன்றார்கள். 1603-ல் பிரான்சின் போர்தோவில் ஜான் கிரெனியே என்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் தானே முன்வந்து நான் ஓநாய், பிள்ளைகளைத் தின்றேன் என்றான். அங்கே நீதிமன்றம் மருத்துவர்களைக் கேட்டு, அவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று கண்டு, கொளுத்தாமல் ஒரு மடத்தில் வைத்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினாவைச் சேர்ந்த பால் என்ற கிரேக்க மருத்துவர் இதை மனச்சோர்வு நோய் வகையில் எழுதிவைத்திருந்தார். தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

இரணியல் கண்ணன்

எல்லாருக்கும் நன்றி. கொள்ளாம், நிறைய தெளிஞ்சுது. இனி கடைசிக் கேள்வி. அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொன்னா? கூட்டிட்டுப் போனா அங்க என்ன நடக்கும்?

இரவுப்பணி செவிலி

"நீ ஓநாய் இல்ல"ன்னும் பேசாதீங்க, "ஆமா நீ ஓநாய்தான்"னும் பேசாதீங்க. "உனக்கு அப்படித் தெரியுது, எனக்கு அது தெரியல. ஆனா நீ நாலு நாளா உறங்கல, அது எனக்குத் தெரியுது. உறக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பாப்போம்." இது பொய்யில்ல, அவனும் ஒத்துக்கிடுற துன்பம். இந்த வாசல் வழியா வர்றவங்கதான் அதிகம். எப்போ தொடங்குச்சு, உடம்புல எந்த இடம் மாறுது, மாறுறப்ப என்ன செய்யத் தோணுதுன்னு கேளுங்க. யாரையாவது கடிக்க, தன்னையே வெட்டிக்கத் தோணுதான்னு நேராக் கேளுங்க. கேட்டதால அந்த எண்ணம் வராது. ஆமான்னு சொன்னா அன்னைக்கே போகணும். ரப்பர் வீடுன்னா பால்வெட்டுக் கத்தியையும், ஷீட்டுக்கு ஊத்துற ஃபார்மிக் ஆசிட்டையும், பூச்சிமருந்தையும் வேற வீட்டுக்கு மாத்துங்க. பூட்டி வச்சா போதாது.

மருந்து ஒலான்சபின், ரிஸ்பெரிடோன் மாதிரி இருக்கும். எது, எவ்வளவுங்கிறது மருத்துவர் முடிவு. முதல் சில நாள்ல உறக்கமும் பதற்றமும் சரியாகும். "நான் ஓநாய்"ங்கிறது கரையப் பல வாரம் ஆகும். ரெண்டாம் நாளே மாறலைன்னு நிறுத்திராதீங்க. சோத்துல கலந்து குடுக்கவும் வேண்டாம். கண்டுபிடிச்சா விசம் வைக்கிறாங்கன்னு ஆயிரும்.

இதைக் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. சில மருந்துக்கு, முக்கியமா ஹாலோபெரிடால் ஊசிக்கு, முதல் சில நாள்ல கழுத்து ஒருபக்கம் திருகும், தாடை இறுகிப் பல்லு வெளிய தெரியும், நாக்கு தள்ளும், கண்ணு மேல சொருகும். அதைப் பாத்த வீட்டுக்காரங்க "மிருகம் வெளிய வருது"ன்னு நம்பி ஓடிருவாங்க. பையனும் அதையே நம்புவான். அது மருந்தோட பக்கவிளைவு. மருத்துவமனைக்கு உடனே போனா ப்ரோமெத்தசின் மாதிரி ஒரு ஊசியில அரை மணிக்குள்ள இறங்கிரும். முதல் மாத்திரை வாங்குறப்பவே இப்படி வரலாம்னு அவன்கிட்டயும் வீட்டுலயும் சொல்லி வைங்க.

தோவாளை அறிவன்

சட்டம் பற்றி இரண்டு வரி. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கட்டப்பட்ட நிலையில் 28 பேர் எரிந்து இறந்தார்கள்; அது நம் மாநிலத்தில் நடந்தது. பையன் சிகிச்சைக்கு ஒப்பாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருந்தால், அவனுடைய நியமனப் பிரதிநிதி, பெரும்பாலும் பெற்றோர், விண்ணப்பிக்கலாம். இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரலாம். அடித்து இழுத்துச் செல்லத் தேவையே இல்லை.

இரவுப்பணி செவிலி

ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன செய்யன்னு தெரியலைன்னா 14416-ஐ அழைங்க, டெலி மனாஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்ல 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. பகல்னா ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் புறநோயாளிப் பிரிவு. போகும்போது உறக்க நோட்டு, இதுவரை தின்ன எல்லா மாத்திரையோட அட்டை, மந்திரவாதி குடுத்த பொடி இருந்தா அதையும் கொண்டு போங்க. நாய்க்கடி இருந்தா எந்த நாள்னு தேதியையும் எழுதிக்கிடுங்க.

இரணியல் கண்ணன்

நோட்டு இன்னைக்கே தொடங்கச் சொல்றேன் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வரப் பாக்கேன்.